எழுத்தும் அதன் பின்புலமும்

மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் மையே இல்லாமல் அழுத்திப் பதித்த காலாவதித் தேதி, அரக்குச் சிவப்புக் கல்யாணப் பத்திரிகையில் தங்க நிறத்தில் மின்னும் முகூர்த்த நேரம், செல்போன் திரையின் வெண்மையில் வெளிறிய சாம்பல் நிறமாக ஓர் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கட்டண விவரம் ஆகிய இவையெல்லாம் அச்சிட்டவரைப் பொறுத்தவரையில் எழுதி முடித்துவிட்டவை. படிக்க வேண்டியவரைப் பொறுத்தவரையிலோ இன்னும் எழுதப்படாதவை. அவற்றை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது என்றோ, தம் கண் பழுதாகிவிட்டது என்றோ பெரியவர்கள் சொல்லிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பேரனிடமோ பேத்தியிடமோ அவற்றை நீட்டிவிடுகிறார்கள். எழுத்தின் அளவும் கண்ணின் ஆரோக்கியமும் முக்கியமே என்பதில் சந்தேகம் இல்லை. ஆயினும் இவ்விரண்டையும் போலவே முக்கியமாய் இருந்தும், பெயர் சொல்லிக் குறிப்பிடுவார் இல்லாமையால் கவனிப்பாரற்றுக் கிடக்கும் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது எழுத்தின் பிரகாசத்துக்கும் அது பொறிக்கப்பட்ட பின்புலத்தின் பிரகாசத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம். தொலைக்காட்சிப் பெட்டியில் காண்ட்ராஸ்ட் என்ற பெயரால் நாம் கூட்டியும் குறைத்தும் வைக்கிற குணம் இதுவே.

கண் மருத்துவமனைச் சுவரில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் எழுத்துப் பலகை, 1862-ஆம் ஆண்டில் நெதர்லாந்து தேசத்தின் உட்ரெக்ட் நகரத்து வைத்தியர் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்தது. அதில் வரிக்கு வரி எழுத்து சிறுத்துக்கொண்டே போகுமே தவிர, முதல் வரியின் கறுப்பே கடைசி வரியிலும் நிலைத்திருக்கும். ஆகவே எவ்வளவு சிறிய உருவத்தை ஒருவர் பிரித்தறிகிறார் என்பதை அது அளக்குமேயன்றி, எவ்வளவு மங்கலான உருவத்தை அவர் கண்டுகொள்கிறார் என்பதை அளப்பதில்லை. இந்தக் குறையை நிவர்த்தி செய்வதற்காக டெனிஸ் பெல்லி, ஜான் ராப்சன் முதலியோர் 1988-இல் வெளியிட்ட பலகையில் உள்ள 48 எழுத்துகளும் ஒரே அளவுடையவை. ஆனால் மும்மூன்று எழுத்துகளாகப் பிரிக்கப்பட்ட அவற்றில், ஒவ்வொரு மூன்றும் தனக்கு முந்திய மூன்றைக் காட்டிலும் ஒரு படி வெளிறிக்கொண்டே வந்து, இறுதியில் வெள்ளைப் பலகையோடு பலகையாய்க் கரைந்துவிடும். ஸ்னெல்லன் பலகையைக் கீழ்வரி வரை தங்குதடையின்றி வாசித்த ஒருவர், கண்புரையின் ஆரம்ப நிலையில் இருப்பவராகவோ, கண்நீர் அழுத்த நோய் உடையவராகவோ, நீரிழிவினால் விழித்திரை நலிந்தவராகவோ இருந்தால், இந்த இரண்டாவது பலகையில் பாதி வழியிலேயே நின்றுவிடுவது உண்டு. கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் தமக்குப் படிப்பதில் சிரமம் தீரவில்லை என்று அத்தகையவர்கள் முறையிடும்போது, அந்த முறையீடு முற்றிலும் நியாயமானது. கண்ணாடி கூர்மையைத் திருத்தித் தருமேயன்றி, இழந்துபோன இந்த நுட்பத்தைத் திருப்பித் தராது.

நோய் எதுவும் தீண்டாத கண்ணும் வயதின் போக்குக்கு விலக்கானதன்று. கண்மணியின் துவாரம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. உள்ளிருக்கும் வில்லை மஞ்சளித்து, தன் வழியே செல்லும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கியும் மற்றொரு பங்கைச் சிதறடித்தும் விடுகிறது. இவையிரண்டும் சேர்ந்து, அறுபது வயதுக்காரரின் விழித்திரையைச் சென்றடையும் ஒளியை, இருபது வயதில் சென்றடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக்கிவிடுகின்றன. ஆதலால் மங்கிய எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் இளைஞர் தம் கண்ணைக் கொண்டு மட்டும் அதைத் தீர்மானிப்பாராயின், தம் தாயும் தந்தையும் எந்தக் கண்ணைக் கொண்டு அதைப் பார்க்கப்போகிறார்கள் என்பதை அறியாமலே தீர்மானித்தவர் ஆகிறார்.

ஒரு நிறத்தின் குணம் அதனிடத்திலேயே அடங்கியிருப்பதன்று, அதன் அயலில் இருப்பதையும் பொறுத்தது என்னும் உண்மையைச் சாஸ்திர ரீதியாக நிலைநாட்டியவர் மிஷல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர். பாரிஸ் நகரத்தில் சித்திரத் திரைகளை நெய்து புகழ்பெற்ற கோபெலின் நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்கு அவர் 1824-இல் தலைவராக வந்தபோது, அங்கே தோய்க்கும் கறுப்புச் சாயம் நீலத் துணிகளிலும் ஊதாத் துணிகளிலும் நிழலாக வரும் இடங்களில் வலுவில்லாமல் வெளிறித் தெரிகிறது என்று ஒரு குறை அவர்முன் வைக்கப்பட்டது. சாயத்தில் பிழை இருக்கும் என்று எண்ணி, பெயர்பெற்ற வேறு பட்டறைகளின் கறுப்புக் கம்பளி நூல்களை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்த அவர், கோபெலின் கறுப்பு எதற்கும் தாழ்ந்ததன்று என்றும், அதை வெளிறச் செய்தது அதன் பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவுமே என்றும் கண்டுகொண்டார். அந்த ஒரு புகாரிலிருந்து பிறந்த ஆராய்ச்சி, 1839-இல் வண்ணங்களின் உடன்நிகழ் வேறுபாட்டைப் பற்றிய பெரிய நூலாக வெளிவந்து, ஐரோப்பிய ஓவியர்களுக்கு நெடுங்காலம் வழிகாட்டியது. நூறு வயதைக் கடந்து வாழ்ந்த அப்பெரியவர் அன்று சொன்னது நெய்த துணிக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு எழுத்துக்கும் பொருந்தும்: நல்ல எழுத்து நிறம் என்று தனியாக ஒன்று இல்லை, இன்ன பின்புலத்தின்மேல் நல்ல நிறம் என்றே ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும்.

இங்கே சாதாரணமாக நேரும் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். இரண்டு நிறங்கள் வெவ்வேறானவை என்பதனாலேயே ஒன்றின்மேல் மற்றொன்று தெளிவாகத் தெரிந்துவிடும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். சிவப்பும் பச்சையும் எவ்வளவு வேறானவை! ஆனால் சிவப்புப் பின்புலத்தில் ஏறத்தாழ அதே பிரகாசமுள்ள பச்சை எழுத்தை வைத்துப் பார்த்தால் விளிம்புகள் நடுங்கி, கண் எரிச்சலுறுகிறதே அல்லாமல் எழுத்து நிலைத்து நிற்பதில்லை. ஏனெனில் அவை நிறத்தில் வேறாயினும் பிரகாசத்தில் அண்டை அயலானவை. கறுப்பு வெள்ளைத் திரைப்படங்களின் காலத்தில், நடிகையின் சேலை சிவப்பா பச்சையா என்பது படச்சுருளில் விழவில்லை. அது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது மட்டுமே விழுந்தது. எழுத்தின் நுண்ணிய கோடுகளைப் பிரித்தறிகிற வேலையில் நம் கண்ணும் பெரும்பாலும் அந்தப் படச்சுருளைப் போன்றே நடந்துகொள்கிறது.

பிரகாசத்தில் எல்லா நிறங்களுக்கும் சம உரிமை இல்லை. திரையில் ஒரு வெண்மை தோன்றுவதற்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளும் முழு அளவில் கலக்கின்றன என்றாலும், அந்த வெண்மையின் பிரகாசத்தில் பச்சையின் பங்கு 100-க்கு ஏறத்தாழ 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7 மட்டுமே. இதனால்தான் சிவப்பும் பச்சையும் கூடிப் பிறக்கும் மஞ்சள் வெண்மைக்கு அடுத்தபடியாக ஜொலிக்க, தூய நீலம் கறுப்புக்கு உறவாக இருண்டு கிடக்கிறது. நம் ரயில் நிலையங்களில் ஊர்ப் பெயரை மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தால் எழுதியிருப்பது, ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்தும், விடியற்கால மங்கலிலும், பயணிகள் அதை எட்டிப் பிடித்துவிடுவதற்கு எவ்வளவு உதவுகிறது என்பதை எல்லோரும் அனுபவத்தில் அறிவோம். அந்த அனுபவத்துக்குக் காரணம் இந்தக் கணக்கே.

கணக்கு என்று சொல்லிவிட்டதால் அதையும் பார்த்துவிடுவோம். இணையப் பக்கங்களுக்குப் பொது விதிகளை வகுத்து வரும் உலகளாவிய இணையக் கூட்டமைப்பு, மாற்றுத் திறனாளிகளும் முதியவர்களும் அப்பக்கங்களைத் தடையின்றிப் பயன்படுத்துவதற்கான நெறிகளின் இரண்டாம் பதிப்பை 2008 டிசம்பரில் வெளியிட்டபோது, எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளக்க ஒரு சூத்திரத்தை நிர்ணயித்தது. முழு வெண்மையின் பிரகாசத்தை 1 என்றும் முழுக் கறுப்பின் பிரகாசத்தைச் சூன்யம் என்றும் கொண்டு, இரண்டு நிறங்களின் பிரகாசத்தோடும் தனித்தனியே 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் வருவதே அந்த விகிதம். வெள்ளையின்மேல் கறுப்புக்கு இது 1.05-ஐ 0.05-ஆல் வகுத்து 21 ஆகிறது. இதற்கு மேல் உயர்வு இல்லை. ஒரே நிறத்தின்மேல் அதே நிறத்தில் எழுதினால் 1. அதற்குக் கீழ்த் தாழ்வு இல்லை. சாதாரண அளவு எழுத்துக்கு இந்த விகிதம் 4.5-க்குக் குறையலாகாது என்றும், தலைப்புகளைப் போன்ற பெரிய எழுத்துக்கு 3 இருந்தால் போதும் என்றும், மேலான தரத்தை நாடுவோர் 7-ஐ எட்ட வேண்டும் என்றும் அந்நெறிகள் கூறுகின்றன. பெரிய எழுத்து என்பது 18 புள்ளி அளவு, அல்லது தடித்த எழுத்தானால் 14 புள்ளி அளவு.

இந்த 4.5 யாரோ மேஜையருகே உட்கார்ந்து மனம்போனபடி எழுதிய எண் அன்று. குறையில்லாத பார்வை உடையவருக்கு 3 என்ற விகிதம் போதும் என்று திரைகளைப் பற்றிய முந்திய சர்வதேசத் தரங்கள் சொல்லியிருந்தன. நம் ஊர் வைத்தியர்கள் 6/12 என்று குறிக்கும் அளவுக்குப் பார்வை தாழ்ந்தவருக்கு, வேறுபாட்டை உணரும் திறனில் ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட அதைப்போல் ஒன்றரை மடங்கு வேண்டியிருக்கிறது. மூன்றை ஒன்றரையால் பெருக்கினால் நாலரை. 6/12 என்பது குருட்டுத்தன்மை அன்று. எண்பது வயதை எட்டிய ஒருவருக்குச் சகஜமாக இருக்கும் பார்வை அது. 7 என்ற எண்ணோ 6/24 பார்வை உடையவரை மனத்தில் வைத்து அமைத்தது. ஆக, ஓர் எழுத்து நாலரையைத் தொடவில்லை என்றால், வீட்டில் மூத்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்கிய எழுத்து அது என்பதே என் அபிப்பிராயம்.

சில நிறங்களை இந்தத் தராசில் நிறுத்துப் பார்ப்பது கண்ணைத் திறக்கும். வெள்ளையின்மேல் தூய நீலத்துக்கு 8.6, ஆகவே அது கம்பீரமாகத் தேறுகிறது. தூய சிவப்புக்கு ஏறத்தாழ 4; அபாயத்தையும் அவசரத்தையும் சொல்வதற்கென்றே நாம் எடுத்தாளும் அந்த நிறம், சாதாரண அளவு எழுத்தில் மயிரிழையில் தவறுகிறது. பளிச்சென்ற பச்சைக்கு 1.37, மஞ்சளுக்கு 1.07; இவை வெள்ளைத் தாளில் எழுதியும் எழுதாததே. கறுப்பின்மேலோ அதே மஞ்சள் 19-ஐத் தாண்டுகிறது. வெள்ளையின்மேல் கம்பீரமாய் இருந்த நீலம் கறுப்பின்மேல் இரண்டரையைக்கூட எட்டாமல் மூழ்குகிறது. மஞ்சள் நிறக் கல்யாணப் பத்திரிகையில் பளபளக்கும் சிவப்பால் அச்சடித்தால் விகிதம் நான்குக்குக் கீழே நிற்கிறது. மங்கலத்துக்கு ஒரு குறைவும் வராமல் அந்தச் சிவப்பைப் பாதியளவு இருட்டாக்கி மெரூன் நிறத்துக்குக் கொண்டுவந்தால் அதே விகிதம் பத்தைக் கடந்துவிடுகிறது. குடும்பமும் குலமும் மாறாமல், நிறத்தின் ஆழம் மட்டும் மாறியதால் கிடைத்த லாபம் இது.

ஆனால் இன்றைக்கு அதிகத் தீங்கு செய்யும் நிறம் சிவப்பும் அன்று, பச்சையும் அன்று, சாம்பல் நிறமே. கறுப்பு எழுத்து முரட்டுத்தனமாகத் தோன்றுகிறது, சாம்பலே நாகரிகமாக இருக்கிறது என்னும் ஒரு ருசி வடிவமைப்பாளர்களிடையே பரவி, பக்கத்தின் சௌந்தரியத்துக்காக எழுத்தை ஆண்டுக்கு ஆண்டு வெளிறச் செய்துகொண்டே வந்திருக்கிறது. திரையில் சூன்யம் முதல் 255 வரை எண்ணப்படும் சாம்பல் படிகளில், வெள்ளையின்மேல் 118-ஆம் படி 4.54 என்ற விகிதத்தோடு தேறுகிறது. அதற்கு அடுத்த 119-ஆம் படியே தவறிவிடுகிறது. படிவங்களில் பெயர், முகவரி என்று கட்டங்களுக்குள் மங்கலாகக் காட்டும் குறிப்பு எழுத்துக்குப் பலர் விரும்பி எடுக்கும் 153-ஆம் படி 2.85-லேயே நின்றுபோகிறது. அமெரிக்காவின் யூட்டா மாகாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் என்னும் ஸ்தாபனம், உலகில் அதிகமாகப் பார்க்கப்படும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களை 2019 முதல் ஆண்டுதோறும் சோதித்து வருகிறது. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பக்கங்களில் போதிய வேறுபாடில்லாத எழுத்து இருப்பதாகவும், எல்லாக் குறைகளிலும் இதுவே முதலிடம் வகிப்பதாகவும் அது திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறது. திருத்துவதற்கு மற்றெல்லாக் குறைகளையும்விட எளியதான ஒன்று முதலிடத்தில் நிற்பது வருந்தத்தக்கது.

தமிழ் எழுத்துக்கு இந்த விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மெய்யெழுத்து உயிர்மெய் ஆகாமல் இருப்பது தலைமேல் உள்ள ஒரு சிறு புள்ளியால். உயிர்மெய்யில் இகரத்தையும் ஈகாரத்தையும் பிரிப்பது ஒரு சுழி. ணகரத்தையும் னகரத்தையும் பிரிப்பது ஒரு வளைவு. மெல்லிய கோடுகளால் ஆன எழுத்துரு ஒன்றைத் திரையில் சிறிய அளவில் காட்டும்போது, கோட்டின் அகலம் ஒரு திரைப்புள்ளியை நிரப்பப் போதாமல், எழுத்தின் நிறமும் பின்புலத்தின் நிறமும் கலந்த ஓர் இடைநிறமே கண்ணுக்கு வந்து சேர்கிறது. ஆகவே கணக்கில் 4.5 என்று தேறிய நிறம், காட்சியில் அதற்கு வெகுவாகக் கீழே இறங்கிவிடும். இங்கிலீஷ் எழுத்துக்கு மட்டுமட்டாகப் போதுமான விகிதத்தைத் தமிழுக்கும் போதும் என்று விட்டுவிடாமல், சாதாரண அளவு எழுத்துக்கு 7-ஐயே இலக்காகக் கொள்வதும், மெலிந்த எழுத்துருவைத் தவிர்ப்பதும் தமிழில் பக்கம் அமைப்போர் ஏற்றுக்கொள்ளத்தக்க நியமங்கள்.

சூத்திரத்தில் கூட்டிய அந்த 0.05 எதற்கு என்று வாசகர் கேட்கலாம். திரையின் கண்ணாடியில் அறை வெளிச்சம் பட்டுத் திரும்புவதால், கறுப்பும் முழுக் கறுப்பாகத் தெரிவதில்லை. அந்தப் புறவெளிச்சத்துக்காக ஒதுக்கிய சிறு தொகை அது. அறைக்குள் இது பொருந்தும். வெயிலில் நின்றுகொண்டு செல்போனில் பஸ் நேரம் பார்க்கும் ஒருவருக்கு இந்தத் தொகை பல மடங்கு பெருகிவிடுகிறது. திரையின் வெண்மையில் பாதியளவு வெளிச்சம் வெயிலால் கண்ணாடியில் சேர்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், வெள்ளையின்மேல் கறுப்பின் 21 என்ற உச்ச விகிதமே 3-ஆகத் தாழ்கிறது; மட்டாகத் தேறிய 118-ஆம் படிச் சாம்பலோ 2.2-க்கு இறங்கிவிடுகிறது. நல்ல வேறுபாடு முதியவர்களுக்கு மட்டும் காட்டும் சலுகை என்று கருதுவோர் நம் நாட்டுச் சித்திரை வெயிலை நினைத்துப் பார்க்க வேண்டும். நடுப்பகலில் தெருவில் நிற்கும் இருபது வயது இளைஞரும் அந்த நேரத்துக்குப் பார்வை மங்கியவரே.

நிறக்குருடு பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அணுக் கொள்கையால் பெயர்பெற்ற ஜான் டால்டன், சிவப்பு அரக்குக் குச்சியும் லாரல் இலையும் தம் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தோன்றுவதை ஆராய்ந்து 1794-இல் மான்செஸ்டரில் ஒரு கட்டுரை வாசித்தார். அவர் இறந்தபின் பாதுகாத்து வைக்கப்பட்ட அவருடைய கண்ணின் திசுவை 1995-இல் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது, பச்சை ஒளியை உணரும் நிறமி அவருக்கு இல்லை என்பது உறுதியாயிற்று. ஐரோப்பிய ஆண்களில் பன்னிருவருக்கு ஒருவர் வீதம் இத்தகைய குறை உடையவர்கள். வேறுபாட்டைப் பிரகாசத்தில் வைத்துவிட்டால், இவர்களுக்கும் எழுத்து சிரமமின்றிப் புலனாகிறது. அதோடு, கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டம் சிவப்பு, நிரப்பியது பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பாமல், ஒரு சொல்லையோ குறியையோ உடன் வைப்பதும், இணைப்புச் சொற்களுக்கு அடிக்கோடு இடுவதும் வேண்டும்.

விகிதம் சொல்வதே வேதவாக்கு என்றும் நான் சொல்லவில்லை. எழுத்தையும் பின்புலத்தையும் இடம் மாற்றிவைத்தால் சூத்திரம் அதே எண்ணைத் தருகிறது; கண்ணோ அவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதில்லை. கண்ணின் வளைவில் கோளாறு உடையவர்களுக்குக் கன்னங்கரிய திரையில் பால்வெள்ளை எழுத்து ஒளிவட்டம் கட்டிக்கொண்டு பரவித் தெரிகிறது. அவர்களுக்கு முழுக் கறுப்பைச் சற்றே சாம்பலாக்குவது இதமானது. இருண்ட நிறங்கள் இரண்டை ஒப்பிடும்போது சூத்திரம் உள்ளதைவிட அதிகமாக மதிப்பிடுகிறது என்ற குறையும் உண்டு. வானமும் மரமும் கூட்டமும் நிறைந்த புகைப்படத்தின்மேல் எழுதிவிட்டு விகிதம் கேட்டால், எந்த இடத்து வானத்துக்கு, எந்த மரத்து நிழலுக்கு என்று திருப்பிக் கேட்க நேரிடும். அங்கே எழுத்துக்குப் பின்னால் ஒரே நிறத்தில் ஒரு பட்டையைப் போட்டுவிடுவதே உத்தமம்.

இந்தியாவில் இது இனி ருசியைப் பொறுத்த விவகாரம் அன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவலும் தொழில்நுட்பமும் அவர்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அரசு இணையதளங்களுக்கென்று 2009-இல் முதலில் வெளிவந்து பின் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகள், மேற்சொன்ன சர்வதேச அளவுகளையே பின்பற்றுகின்றன. அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை எட்டும் வாய்ப்பு வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று கூறியிருக்கிறது. பாங்கு, ரயில், ரேஷன், மருத்துவமனை எல்லாம் செல்போன் திரைக்குள் குடிபுகுந்துவிட்ட காலத்தில், அத்திரையின் எழுத்தைப் படிக்க முடியாதவர் கவுண்டருக்கே வர முடியாதவராக ஆகிவிடுகிறார் என்பதால், இந்தத் தீர்ப்பு நெடுநாளைய தேவை ஒன்றைப் பூர்த்தி செய்கிறது.

ஒரு கடையோ கழகமோ பள்ளிக்கூடமோ தனக்கென்று வண்ணம் ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தால், அதைக் கைவிட வேண்டும் என்பதில்லை. வெள்ளை எழுத்தை ஆரஞ்சுப் பட்டையில் வைத்தால் விகிதம் இரண்டைக்கூட எட்டுவதில்லை. அதே பட்டையில் கறுப்பு எழுத்துக்குப் பத்துக்கு மேல் கிடைக்கிறது. ஆகவே இளம் வண்ணங்களை ஓரத்துக்கும் பட்டைக்கும் படத்துக்கும் விட்டுவிட்டு, எழுத்துக்கு அதே குடும்பத்தின் ஆழ்ந்த வண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நிறங்களின் எண்ணைக் கொடுத்தால் விகிதத்தை உடனே சொல்லும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை கைவசம் இல்லாதபோது, செல்போனின் அமைப்புகளுக்குள் போய்த் திரையை நிறமற்றதாக்கிப் பார்த்தால், நிறத்தின் தயவால் மட்டும் நின்றுகொண்டிருந்த எழுத்துகள் எவை என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும்; அச்சுக்குப் போகும் காகிதமானால் சாதாரண ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஒரு பிரதி எடுத்துப் பார்க்கலாம். இவ்வளவும் செய்த பிறகு, அறுபது வயதைக் கடந்த ஒருவரிடம், அவர் வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு, வாசற்படியின் பகல் வெளிச்சத்தில் அதைக் கொடுத்து, தொகையையும் கடைசித் தேதியையும் தொலைபேசி எண்ணையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். அவர் எங்கெங்கே நிறுத்தி உற்றுப் பார்க்கிறாரோ அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்குள்ள எழுத்தை இன்னும் ஒரு படி ஆழமாக்கிய பின்னரே வேலையை வெளியே விட வேண்டும்.